ஒச்சம்மா உக்காந்த கல்லு

நம்ம கருக்கம்பட்டிக்கு ரோடும் வரல, கரண்டும் வரல, அந்தக் காலத்துல ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். ஊர் முளைப்பாரியில மொதப்பாரி அவ தலையிலதான் ஏறும். அந்தப் பாரிய யாரும் முந்தக் கூடாது. கம்மாய் போய்ச் சேருற வரைக்கும் தரையில எறக்கவும் கூடாது. அப்படி ஒரு கட்டுப்பாடு.

ஒரு வருசம் கெணத்துப் படியில வழுக்கி விழுந்து வலது கால ஒடிச்சிக்கிட்டா. மூங்கில் பத்தை வச்சுக் கட்டுனாக. எலும்பு கூடுச்சு, பலம் கூடல. கக்கத்துல கவைக்கம்ப ஊண்டித்தான் நடை. ஒடிஞ்ச காலாவது சும்மா தொங்குச்சு. ஒடியாத காலுதான் ரெண்டு காலு பாட்டையும் பட்டு ஓஞ்சு போச்சாம்.

விடுவாளா? கம்மாய்க்கு நடந்து பழகுனா. ஒருநா வீம்புக்கு நிக்காம நடந்தா பாருங்க, பாதி வழியில காலு மடங்கிப்போயி கட்டில்ல வச்சுத் தூக்கியாந்தாக. அழுதாளாம் அன்னைக்கு. ஆனா ஒண்ணு வெளங்கிருச்சு. கெண்டைச்சதை துடிக்கையிலேயே உக்காந்துட்டா, ஒரு வெத்தல மெல்லுற நேரத்துல காலு தெளிஞ்சுரும். மீறி நடந்தா அன்னைக்குப் பொழுதே போச்சு.

முளைப்பாரி எடுக்குற கோயில் பொங்கலும் வந்துச்சு. ஒச்சம்மா கொழுந்தன் பொண்டாட்டி வெள்ளத்தாயி இருக்காளே, அவ சாமியாடிக் குறி சொல்லுற கோடாங்கிகிட்டப் போய், "இவ நடுவழியில போட்டு ஒடைச்சா ஊருக்கு ஆகுமா? மொதப்பாரிய எனக்குக் குடுங்க"ன்னு நின்னா. கோடாங்கி யோசிச்சு, "இந்த வருசம் ஒச்சம்மா தூக்கட்டும். தரையில பட்டுச்சுன்னா இனிமே ஒனக்குத்தான்"னுட்டாரு.

கொட்டு முழங்குது. ஒரு கையில கம்பு, ஒரு கை பாரியில. களத்துமேட்டுக்கிட்டப் போகவும் சதை துடிக்குது. ரோசம் நடங்குது, காலு உக்காருங்குது. சட்டுன்னு அங்க கெடந்த உருட்டுக்கல்லுல உக்காந்துட்டா, பாரி தலையில இருக்க இருக்கவே! கொட்டு கப்புன்னு நின்னுபோச்சு.

"ஐயையோ, உக்காந்துட்டா! உக்காந்துட்டா!" வெள்ளத்தாயி குதிக்கிறா.

"ஏண்டி, பாரி எங்க இருக்கு?"ன்னா ஒச்சம்மா, கல்லுல இருந்தபடியே.

"தலையில."

"தரையில பட்டுச்சா?"

"படல..."

"அப்புறம் என்னடி? பாரிதான் எறங்கக் கூடாது. ஒச்சம்மா உக்காரக் கூடாதுன்னு எந்தச் சாமிடி சொல்லுச்சு?"

கோடாங்கி விழுந்து விழுந்து சிரிச்சாராம். மொதப்பாரிய முந்த முடியாதுல்ல? பின்னாடி பாரி தூக்கி வந்த அம்புட்டுப் பொம்பளையும் வெயில்ல நின்னாக. கழுத்து வலி தாங்காம ஒருத்தி உக்காந்தா, பெறகு இன்னொருத்தி. புளியமரத்துக்கிட்டப் போனா, ஒச்சம்மாவுக்கு முந்தி மத்தவுக உக்காந்துட்டாக! மடைக்கல்லுல ஒச்சம்மா எந்திரிக்கப் போறா, வெள்ளத்தாயி மொனங்குறா: "அக்கா, இன்னுஞ் செத்த நேரம் இருப்பமே."

கம்மாய்த் தண்ணியில எறங்குனா ஒச்சம்மா. ஒத்தக் கால்ல கம்ப ஊண்டி நின்னு, அவளே பாரிய எறக்கி விட்டா. கொலவைச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டுச்சாம். சாகுற வருசம் வரைக்கும் மொதப்பாரி அவதான் தூக்குனாளாம்.

இன்னைக்கும் நம்ம ஊர்ப் பாரி அந்த எடத்துலயெல்லாம் நிக்கும். கொட்டு அமந்துரும். பாரியத் தலையில வச்சபடியே அம்புட்டுப் பேரும் உக்காருவாக. எவளாச்சும் எளவட்டப் புள்ள வெறப்பா நின்னா சும்மா விடுவமா?

"உக்காருடி! ஒச்சம்மா காலவிட ஒங்காலு ஒசத்தியோ?"