துயரம் போதவில்லை

பேருந்தில் யாராவது என் காலை மிதித்தால்கூட நான்தான் மன்னிப்புக் கேட்பேன், ஐயா. என் சுபாவம் அப்படி. எழுத்து என்று வந்துவிட்டால் மட்டும் இறங்கிப் போவதில்லை. இசை விமர்சகன் ஒரு தடவை இறங்கிப் போனால், அப்புறம் டிரம்ஸ் அடிக்கிறவன்கூட மதிக்கமாட்டான்.

அந்தப் பெண் தானே எழுதி, மெட்டமைத்து, கிட்டார் வாசித்துப் பாடிய முதல் ராக் ஆல்பம் அது. ஒரு விமர்சகர் சத்தம் அதிகம் என்றார். இன்னொருவர் அட்டைப்படத்தை மட்டும் பாராட்டினார். முழுப் பக்கம் எழுதியது நான் ஒருவன்தான். ‘அடுப்பு அணைஞ்ச வீடு’ என்று அதில் ஒரு பாட்டு. கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது, இது தாயைப் பறிகொடுத்தவளின் ஓலம். அப்படியே எழுதினேன். படித்தவர்கள் கண் கலங்கினார்கள். ஆல்பம் சூடுபிடித்தது. என்னைக் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள்.

அந்த வாரமே பத்திரிகை அலுவலகத்துக்கு அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் சங்கடம்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன். என் தங்கச்சி மக பிரசவத்துக்குப் போயிருந்தேன். இவளுக்குச் சமைக்கத் தெரியாது, அந்தக் கடுப்புல எழுதின பாட்டு. சொந்தக்காரங்க துக்கம் விசாரிக்க வர்றாங்க. ஒரு வரி திருத்திப் போட்டுடுங்க.”

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிறு இதழில் போட்டுவிடலாம் என்றார்.

நேரில் போய்ப் பேசினால் அந்த அம்மா விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மகள் கச்சேரிக்காக வெளியூரில் இருந்தார். அம்மா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என் பெயர், என் வாசகர்கள், என் இத்தனை வருட உழைப்பு என்று எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

“அதுக்காக நான் செத்துட்டேன்னு விட்டுட முடியுமா தம்பி?” என்று சிரித்தார்.

நியாயமான கேள்விதான். நனைந்த போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். அவர் மறுமுனையோடு பின்னால் நகர்ந்தார். சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்தான். மீதி தூரத்துக்கு நான் உதவினேன்.

கால் தவறி விழுந்துவிட்டார் என்று உங்கள் ஸ்டேஷனிலேயே எழுதி வழக்கை முடித்தீர்கள். ஞாயிறு இதழில் திருத்தம் வரவில்லை. செத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று எந்தப் பத்திரிகை போடும்?

இரண்டாவது ஆல்பம் முழுக்க அம்மாவைப் பற்றித்தான். எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். நான் நடுநிலை தவறாதவன். துயரம் போதவில்லை, முதல் ஆல்பத்தில் இருந்த வலி இதில் இல்லை என்று எழுதினேன். கடைசிப் பாட்டில் ‘விழும்போது என் பேரைச் சொன்னியே’ என்று ஒரு வரி வருகிறது. சுத்த மிகை. அந்த அம்மா மகளைக் கூப்பிடவே இல்லை. ‘போர்வைய விட்டுடாதீங்க’ என்றுதான் சொன்னார். அதையும் எழுதினேன். ஆசிரியர் என் கற்பனை நயம் என்று நினைத்து அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

பிணத்தோடு போர்வை கிடந்தது எந்தச் செய்தியிலும் வரவில்லையாமே. அந்தப் பெண் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு உங்களிடம் கொண்டுவந்தாராம்.

என் எழுத்தை ஒரு கலைஞர் இவ்வளவு நிதானமாக, வரி வரியாகப் படித்தது இதுதான் முதல் தடவை, ஐயா. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.