ஒரே பெயருக்குள் ஒன்பது பேர்

மேடையில் வீற்றிருக்கும் நம் முதலாளி அவர்களே, முன்வரிசையில் கண் கலங்கி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கையிலிருந்த வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கும் தோழர்களே! விற்பனைப் பிரிவின் தலைவியான எனக்கு நயமாகப் பேச வராது. நம் விலைநிர்ணயப் பிரிவின் தலைவர், நாமெல்லாம் 'ஜன்னல் அண்ணன்' என்று அழைத்த அந்த மனிதரோடு பதினோரு ஆண்டுகள் சண்டை போட்டவள் என்ற ஒரே தகுதியில் இங்கே நிற்கிறேன்.

நாம் திரையைப் பார்ப்போம். அவர் ஜன்னலைப் பார்ப்பார். இந்த மென்பொருளுக்கு என்ன விலை வைக்கலாம் என்று காலையில் கேட்டால், மத்தியானம் வரை மேகம் நகர்வதைப் பார்த்துவிட்டு, அதை யார் தொட்டு வேலை செய்யப்போகிறார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்! இப்போது அந்த நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம், எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார் என்றே தோன்றுகிறது.

நாளைக் காலை ஒரு புதிய விலைத் திட்டத்தில் நான் கையெழுத்திட வேண்டும். அண்ணன் கொண்டுவந்ததை எடுத்துவிட்டு, பழையபடி ஆளுக்கு ஒரு உரிமம், உரிமத்துக்கு ஒரு கட்டணம் என்று ஆக்கும் திட்டம். எழுதியவளும் நான்தான். அதனால் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்று நம் மென்பொருளில் துணிக்கணக்கு வைத்திருந்தது. வாங்கியிருந்தது ஒரே ஒரு உரிமம், 'மேற்பார்வையாளர்' என்ற பெயரில். அந்த மேற்பார்வையாளர் நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் வேலை செய்வதாக நம் பதிவு காட்டியது. ஞாயிறும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது! இது திருட்டுத்தனம், நோட்டீஸ் அனுப்புவோம் என்று நான் குதித்தேன். அண்ணன் கவலைப்பட்டார்.

"இந்த ஆளு தூங்குறதே இல்லம்மா. வா, போய்ப் பாத்துட்டு வருவோம்."

போனோம். கூடம் முழுக்க நீராவி. தலைக்கு மேலே வெள்ளை விரிப்புகள் வரிசையாக மிதந்து போய்க்கொண்டிருந்தன. கீழே ஆட்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. மென்பொருளிலிருந்து ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே நுழைய முடியும் என்பதால், ஒன்பது பேர் கணக்கை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார்கள். வியர்வையில் எண்கள் அழிந்துகொண்டிருந்தன. யாரோ போட்ட தப்புக் கணக்குக்காக, மடிப்புப் பகுதியில் வேலை செய்த ஒரு பெண்ணை அன்றுதான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அது தான் போட்டதல்ல என்று அவள் எதைக் காட்டி நிரூபிப்பாள்?

வாசலில் அண்ணன் என்னிடம் சொன்னார்: "நம்ம விலைதான்மா இவங்கள ஒரே பேருக்குள்ள அடைச்சு வெச்சிருக்கு."

மறுநாளே திட்டம் தயார். எத்தனை பேர் வேண்டுமானாலும் நுழையலாம். வெளுக்கும் துணியின் எடைக்குத்தான் கட்டணம். நம் அடிமடியிலேயே கை வைக்கிறீர்களே என்று கத்தினேன். முதல் வருடம் வருமானம் இறங்கத்தான் செய்தது. அதை ஊரெல்லாம் சொல்லிக்காட்டியவளும் நான்தான். ஆனால் பதிவில் ஒன்பது பெயர்கள் வந்துவிட்டன. அதே தப்பு மறுபடி வந்தபோது யார் போட்டது என்று தெரிந்தது. அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினாள்.

போன வாரம் மருத்துவமனையில் என் திட்டத்தை அவரிடம் நீட்டினேன். படுத்த படுக்கையில் இருந்தவரிடம் அதை நீட்ட எனக்கு எப்படி மனம் வந்ததோ! வரி விடாமல் படித்தார். கோபமே இல்லை.

"உனக்குச் சரின்னு பட்டா போடு. ஆனா ஒரு தடவ அங்க போய் நின்னு பாத்துட்டுப் போடும்மா."

போகலாம், போகலாம் என்று நாளைக் கடத்தினேன். அவர் போய்விட்டார். நேற்றுத்தான் அந்தக் கூடத்துக்குப் போனேன். அதே நீராவி, அதே மிதக்கும் விரிப்புகள். நடுவில் அவர் அண்ணாந்து பார்த்தபடி நிற்பதாக ஒரு கணம் நம்பிவிட்டேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணன் வரலையா?" என்று கேட்டாள். என் தாளில் கையெழுத்து விழுந்தால் முதலில் அழியப்போவது அவள் பெயர்தானே!

முதலாளி அவர்களே, இந்தச் சபையின் முன்னால், அண்ணியின் முன்னால் சொல்கிறேன். அந்தத் திட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். நாளை என் கையெழுத்து வேண்டுமென்றால், ராஜினாமாக் கடிதத்தில்தான் கிடைக்கும். விடிந்ததும் அந்த இயந்திரங்கள் ஓடத் தொடங்கும். ஒன்பது பேரும் அவரவர் பெயரில் உள்ளே போவார்கள். அதைப் பார்த்துக்கொள்வது இனி என் வேலை, அண்ணா.