ரொட்டி ஏந்திய ரோபோ

என் பெயர் சோர்னித்சா ராடுலோவா. வயது 41. பல்கேரியாவில் கோர்னா ரேக்கா நகரம், ஆலைத் தெரு 6-ல் வசிக்கிறேன். ரோபோ மன்றத்தில் பயிற்சியாளர். நான் ரிமோட் வைத்து ரோபோவை ஏவி, துணை மேயர் தபாகோவின் முழங்காலை உடைத்தேன் என்பது புகார்.

முதலில் ஒன்று. இந்தக் காவல் நிலையத்தின் பக்கத்து அறையில் வைத்திருக்கும் அந்த ரோபோவில் பேட்டரி இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. அங்கே நிற்கும் காவலரிடம் சொல்லியும் அவர் கேட்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இன்று நூலகத் திறப்பு விழாவில் எங்கள் ஊர் வழக்கப்படி விருந்தினரை வரவேற்க ரொட்டியும் உப்பும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எங்கள் ரோபோவுக்கு. ரிமோட் எதுவும் கிடையாது. என் மடிக்கணினியிலிருந்து கேபிள் வழியாகத்தான் கட்டளை போகும். அதைக் கேட்டு பேட்டரி மின்சாரத்தைச் சக்கர மோட்டார்களுக்குத் திறந்துவிடுவது டிரைவர் சர்க்யூட். கேபிளைப் பிடுங்கினால் கட்டளைதான் நிற்கும், மின்சாரம் நிற்காது. டிரைவர் எந்தச் சலனத்தையும் கட்டளையென்று எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓடவிடும். அதனால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

ரோபோவின் தட்டில் ரொட்டியை வைத்த பிறகு, அதோடு படம் எடுத்துக்கொள்ள தபாகோவ் வந்து, "ஏம்மா, இதுக்கு வால் வேற வச்சிருக்கியா? போட்டோல அசிங்கமா விழும், புடுங்கு" என்றார்.

"கை வைக்காதீங்க ஐயா, பேட்டரிய மொதல்ல கழட்டணும்" என்றேன்.

"நீ கழட்டுறதுக்குள்ள ரொட்டி ஆறிப்போயிடும்" என்று சொல்லிவிட்டு, ரோபோவின் பின்னால் போய்க் குனிந்து அவரே கேபிளை உருவினார். அது ஒரு கணம் சும்மா நின்றது. அதன் பிறகு அவர் பின்னால் நின்றபடியே கையை நீட்டித் தட்டைத் தொட்டதும் முழு வேகத்தில் பின்னால் பாய்ந்து அவர் முழங்காலில் மோதியது. ரொட்டி வாசல்வரை உருண்டது.

மன்றத்தின் அறையைப் பூட்டப்போவதாகச் சொன்னதற்காக, போன வாரம் எல்லோர் முன்னாலும், "உங்க காலு ஒடியணும்" என்று நான் அவரைத் திட்டியது உண்மை. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஏவியது நானில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் மேசை கவிழும் சத்தமும், "ஐயோ, என் காலு!" என்று காவலர் அலறுவதும் கேட்டன. அப்போது என் இரண்டு கைகளும் அதிகாரியின் மேசைமேல் வெறுமையாக இருந்தன என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எழுதப்பட்டது.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) சோ. ராடுலோவா