திரும்பி வந்த மோட்டார்

டீ நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எழுதுகிறவரை நிதானமாகவே எழுதச் சொல்லுங்கள், நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

படகு மோட்டார் ரிப்பேர் என் தொழில். படகின் பின்பலகையில் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மோட்டார். கரையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இவன் கை பட்ட மோட்டார் திரும்பி வராது என்பார்கள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, சேர்த்து வைத்த சொத்தும் கிடையாது. அந்தப் பேர் ஒன்றுதான் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

மச்சானின் மோட்டார் ரொம்பப் பழையது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நல்லவன்தான், வாய் மட்டும் நீளம். படகு அவனுடையது, ஓட்டுவதற்கு ஓர் ஆளை வைத்திருந்தான். எதையும் ஆற அமரச் செய்கிற ஆள் என்பதால் எல்லோரும் அவனை ஆமை என்றுதான் கூப்பிடுவோம். மோட்டார் சூடாகிறது என்று இருவரும் சேர்ந்து தூக்கி வந்து என் பட்டறையில் இறக்கினார்கள்.

இந்த மோட்டார் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள, படகு ஓடுகிற தண்ணீரையே கீழிருந்து உறிஞ்சி, உள்ளே சுற்றவிட்டு வெளியே தள்ளும். உறிஞ்சுவது ஒரு சின்ன ரப்பர் சக்கரம். தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அடையாளமாகப் பின்னால் ஒரு துளையிலிருந்து மெல்லிய தாரை பீச்சிக்கொண்டே இருக்கும். குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதிரி என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள். அது நின்றால் மோட்டாரையும் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கீழ்ப்பகுதியைக் கழற்றினேன். ரப்பர் சக்கரம் தேய்ந்து, ஓர் இதழ் பிய்ந்துபோயிருந்தது. "சீக்கிரம் அத்தான், ஆளுங்க கரையில காத்துக்கிட்டிருக்காங்க" என்று மச்சான் தலைமேல் நின்றான். பழையதைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினேன். தாரை ஜோராக வந்தது. மச்சான் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் மோட்டார் திரும்பி வந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. தண்ணீர் வருகிறது, ஆனாலும் தலைப்பகுதியில் எச்சில் தொட்டு வைத்தால் சுர் என்கிறது. சூடேறினால் திறந்து தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அடுப்பில் வெந்நீருக்குள் போட்டு, அது ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்தேன். பால் காய்ச்சும் பாத்திரத்தைப் பாழாக்கிவிட்டேன் என்று மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். உப்புப் படிந்த இடத்தையெல்லாம் சுரண்டினேன். என் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். மோட்டாரில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் மாற்றிவிட்டேன். ஓட்டுகிற ஆளை மட்டும் இன்னும் மாற்றியிருக்கவில்லை.

ஆமையைக் கூட்டிக்கொண்டு வெள்ளோட்டம் போனேன். மணல்திட்டைத் தாண்டும்போது அவன் மோட்டாரை மேலே தூக்கிப் பிடித்து ஓட்டுகிறான், அதனால் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது என்பது என் கணக்கு. அவனிடமே கேட்டேன்.

"சத்தியமா இல்லண்ணே. நான் அந்தப் பக்கமே போறதில்ல. உள்ள என்னமோ விட்டுப்போயிருக்கு, இன்னொரு தடவ பிரிச்சுப் பாத்துருங்களேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

பெட்டியில் பெரிய ஸ்பேனர் இருந்தது. ஒரே அடியில் முடியவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. தண்ணீரில் விழுந்த பிறகும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்றான். விரல்கள்மேல் அடிக்க வேண்டியதாயிற்று. பிறகு துடுப்பால் தலையை அழுத்திப் பிடித்தேன். எதையும் நிதானமாகச் செய்கிறவன், அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டான். படகில் சிந்தியிருந்ததைக் கழுவிவிட்டுக் கரைக்கு வந்து, தவறி விழுந்தவன் விசிறியில் மாட்டிக்கொண்டான் என்று சொன்னேன். தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுமே, அதைத்தான் விசிறி என்போம். எல்லோரும் நம்பினார்கள். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

அதன்பிறகு மச்சானே படகை ஓட்டினான். மோட்டார் மறுபடியும் சூடானது. முறைப்படி பார்த்தால், ஆமை காரணமில்லை என்பது தெளிவாகிவிட்டது. பாவம், நல்ல ஓட்டுநர்.

இந்தத் தடவை மச்சான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். "எங்க அத்தானுக்குக் கண்ணு மங்கிப்போச்சுப்பா. நான் வேற மெக்கானிக்கப் பாத்துக்கிறேன்" என்று அவர்களை வைத்துக்கொண்டே சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

"நாளைக்கு ஒரே ஒரு தடவ வா, மாப்ள. தொட்டியில ஓட்டிக் காட்டுறேன். அப்பவும் சூடானா எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

"அக்கா மூஞ்சிக்காக வர்றேன்" என்றான்.

பட்டறையில் அகலமான ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். மோட்டாரை அதில் இறக்கி ஓட்டிச் சோதிப்பேன். அதற்கு முன்னால் விசிறியைக் கழற்றிவிடுவது வழக்கம். தொட்டிக்குள் அது சுற்றினால் ஆபத்து. அன்றைக்குக் கழற்றவில்லை.

மச்சான் தாரையில் கையை நீட்டிப் பார்த்தான். "தண்ணி நல்லாத்தானே வருது அத்தான்? அப்புறம் ஏன் சூடாகுது?" என்றான். கீழே உறிஞ்சுகிற இடத்தைப் பார் என்றேன். குனிந்தான். பிடரியைப் பிடித்து உள்ளே அழுத்திக்கொண்டு, மற்ற கையால் கியரைப் போட்டேன். அவன் உதைத்த உதையில் என் முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. தண்ணீர் சிவந்து, கூரைவரை தெறித்தது. மோட்டார் கொஞ்சம் திணறியது, ஆனால் நிற்கவில்லை. அவ்வளவு பழைய மோட்டார், ஐயா. எனக்குப் பெருமையாக இருந்தது.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். "தம்பி எங்க?" என்று கேட்டாள், பிறகு பார்த்தாள். உங்களுக்குப் போன் செய்தது அவள்தான் என்று தெரியும். கோபமில்லை, கூடப்பிறந்தவன் இல்லையா.

நீங்கள் வருவதற்கு நேரமானது நல்லதாகப் போயிற்று. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. மோட்டாரைத் தலைவரை முழுசாகப் பிரித்தேன். தண்ணீர் மேலே ஏறுகிற பாதையில், ஒரு வளைவுக்குள், நகமளவு ரப்பர் துண்டு ஒன்று செருகிக்கொண்டிருந்தது. பழைய சக்கரத்திலிருந்து பிய்ந்த அந்த இதழ். தாரைக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, தலைக்குப் போகிற வழியை மட்டும் அடைத்திருந்தது. கையைக்கூடக் கழுவாமல் அதை எடுத்துக்கொண்டு மனைவியிடம் ஓடினேன். "இங்க பாரு, கெடச்சிருச்சு, இதுதான் காரணம்" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மச்சான் அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால் அந்த இதழை அப்போதே தேடி எடுத்திருப்பேன். ஆமையும் உயிரோடு இருப்பான். அப்படிப் பார்த்தால் இரண்டு சாவுக்கும் மச்சான்தான் காரணம். கை மட்டும் என்னுடையது. கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மோட்டாரைச் சாட்சிக்கு என்று பின்னறையில் வைத்திருக்கிறீர்கள். துண்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி மாட்டித்தான் உங்களிடம் ஒப்படைத்தேன். இப்போது அதில் ஒரு குறையும் கிடையாது. உங்கள் ஆட்கள் யாராவது ஆசைக்குத் தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்து பார்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடியும் சூடானால் என் பேர்தான் கெடும்.