எங்கே நிறுத்துவது

ஜன்னலோர மேஜையை எனக்குக் கொடுங்கள் என்று தலைமை அதிகாரியிடம் கேட்டேன். சேர்ந்த புதிதில் எதையும் வாய்திறந்து கேட்டுவிடாதே என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான்.

"அது நம்ம எஞ்சினியரோட பொண்ணுக்குன்னு வச்சிருக்கேன்மா. நீ எங்க உக்காந்தாலும் வேலை பாக்குறவதானே" என்றார்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த அந்த எஞ்சினியர் பெண் கெட்டவள் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முதலில் எனக்குத்தான் நீட்டுவாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ்களை எங்கெங்கே நிறுத்தி வைத்தால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று கணினி தேட வேண்டும். அதற்கு நானும் அவளும் ஆளுக்கொரு தேடல் முறை எழுதினோம். இரண்டையும் ஒப்பிடும் வேலை என்னிடம் வந்தது. என்னுடையது சட்டென்று ஒரு நல்ல விடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். அவளுடையது முதலில் கண்டபடி அலையும். பொறுத்திருந்தால் என்னுடையதை மிஞ்சிவிடும். தனியாக ஓட்டிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆகவே, மிஞ்சுவதற்குச் சற்று முன்பு இரண்டையும் நிறுத்தினேன். இரண்டுக்கும் ஒரே அவகாசம்தான். இதில் ஓரவஞ்சனை எங்கே இருக்கிறது?

"உன்னோடது பறக்குதுடி. என்னோடது ஊர் சுத்தப் போயிடுச்சு" என்று அவளே சிரித்தாள்.

என் விடைதான் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆற்றுக்கு அந்தப்புறம் ஒரு வண்டிகூட இல்லை. வண்டி வரத் தாமதமாகி இறந்துபோனவர்களில், சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட பக்கத்து வீட்டு மாமாவும் ஒருவர்.

"விசாரணையில தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லிடும்மா" என்கிறார் தலைமை அதிகாரி. எப்படிச் சொல்வது? வண்டிகள் இடம் மாறுவதற்கு முன்பே அந்தப்புறம் இருந்த அம்மாவை மட்டும் இந்தப்புறம் குடிவைத்துவிட்டேன். "எதுக்குடி திடீர்னு?" என்றாள். ஆபீஸ் பக்கம் என்றேன்.

வெளியே எஞ்சினியர் பெண் அழுத கண்ணோடு நிற்கிறாள். தேடலை நிறுத்தும் நேரத்தை இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம் என்று விசாரிக்க வந்த உங்களிடம் பொய் சொல்லி, என் பழியில் பாதியை ஏற்கப் போகிறாளாம். அந்தப் பெருமையும் அவளுக்கே போக வேண்டுமா? அதற்காகத்தான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டாயிற்று. அவள் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போகிறேன்.