பட்டன் அமுக்கினால் மடங்கும் கூரை

"...மணல் காத்துதான்மா கிழிச்சிருக்கும், வேறென்ன. கம்பெனித் தையலும் சரியில்லன்னு சேத்து எழுதுங்க."

துபாயில் அர்பாப் என்கிற அரபு முதலாளி வீட்டு டிரைவர், கீழக்கரை அஸ்கர் அலி, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து வந்த கஜாலினி, காரின் கிழிந்த துணிக்கூரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் துணியின் மடிப்பில் ஆரஞ்சு நிறப் பொடி அப்பியிருந்தது. இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இடம் கிடைக்கவில்லை.

"அந்தா நிக்குதே பழசு, அர்பாபோட வாப்பா வாங்குனது. அதுவும் துணிக்கூரைதான். ஒரு கிழிசல் உண்டா? முன்கண்ணாடிகிட்ட ரெண்டு கொக்கியக் கழட்டணும். பின்னாடி பிளாஸ்டிக் கண்ணாடி, அதோட ஜிப்பத் தொறக்கணும். அப்புறம் கையால ஒவ்வொரு மடிப்பா, பச்சப்புள்ளைய தொட்டில்ல போடுற மாதிரி... மழை பேஞ்சா ஒழுகும், சரி. இங்க எங்கம்மா மழை? போன தடவை பேஞ்சத விடுங்க. நூறுல போனா படபடன்னு அடிக்கும், அர்பாப் போன் பேச முடியாது. அது நல்லதுதானே.

புதுசுல சத்தமே இல்ல. மூணு அடுக்குத் துணி, பின்னாடி நெசக் கண்ணாடி. பட்டனை அமுக்குனா தானா மடிஞ்சு டிக்கிக்குள்ள போயிரும். உள்ள என்ன இருக்குன்னு பாக்குமா? பாக்காது. அம்புட்டுத் திமிரு.

நீங்க யாழ்ப்பாணமா? பேசவே மாட்டேங்கிறீங்க. சரி. வியாழக்கெழம எனக்கு பிளைட்டு. ஞாயித்துக்கெழம மவ ஆமிராவுக்கு நிக்காஹ். டிரைவர் தப்புன்னு நீங்க எழுதிட்டா அர்பாப் 'லீவு மாஃபி', கெடையாதுன்னுருவாரு, கலாஸ், எல்லாம் முடிஞ்சிரும். அதனால மெசினு தப்புன்னு போடுங்க.

மெசினு தப்புதாம்மா. தேராவுல கார்கோ ஆபீசுக்கு ஊருப் பெட்டி கொண்டுபோகணும். பழைய வண்டியில எத்தன பெட்டி போயிருக்கு, கூரை ஒண்ணும் சொன்னதில்ல. இதுல டிக்கிக்குள்ள ஒரு தடுப்பு. அத இழுத்து மாட்டுனாத்தான் பட்டன் வேலை செய்யும். பெட்டி கொஞ்சம் உசரம். நானும் தடுப்பு மேல ஏறி உக்காந்து, அமுக்கி, மாட்டிட்டேன்ல? அதுக்கப்புறமும் கிழிச்சா என்ன அர்த்தம்? கூரைய எதுக்குத் தொறந்தேன்னு பாக்குறீங்களா? ஒரு போட்டோவுக்குத்தான். சம்பந்தி வீட்டுல பாக்கட்டுமேன்னு. பெட்டிக்குள்ள இருந்த ஜூஸ் பொடி டப்பாகூட நசுங்கி..."

சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

கஜாலினி இன்சூரன்ஸ் படிவத்தை அவர் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினாள். "நடந்ததை டிரைவர்தான் எழுதவேணும் அண்ணை. எனக்குப் போட்டோ எடுக்கிற வேலை மட்டும்தான்."

வந்ததிலிருந்து அவள் சொல்ல நினைத்தது அதைத்தான்.

அரை மணி நேரம் பேசியவருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. காலிக் கட்டத்தைப் பார்த்தார். அவள் போனில் பளிச்சென்று தெரிந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தார். பேனாவை வாங்கினார்.

"ஆரஞ்சுப் பொடின்னு போடணுமாம்மா," என்று மெதுவாகக் கேட்டார், "வெறும் பொடின்னா போதுமா?"