பீரு பழம்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதற்கு ஒரு கால் ஆட்டம். இப்படிப் பெஞ்சில் உட்காருங்கள். என் வீட்டுக்கு வந்தவர் விழுந்து அடிபட்டார் என்று ஒரு பேச்சு வரக் கூடாது. காப்பி வரும்.

நீங்கள் வந்த விஷயம் எனக்குத் தெரியும். பழக் கொட்டகை கட்டி முடியப்போகிறது. வாசலில் கல் பதிக்க வேண்டும், அதில் இரண்டு பெயர் வெட்ட வேண்டும் என்று கூட்டத்தில் பேசியிருக்கிறீர்கள். நாறும்பூநாதன் என்று என் பெயர், பிறகு பீர் மைதீன். என் பெயர் முதலில் இருக்கட்டும் என்று பீர் மைதீன் சம்சாரம் அலிமாவே சொன்னதாம். நல்ல மனசுதான். ஆனால் அந்த இரண்டு பெயரும் ஒரே கல்லில் வருவது முறையில்லை. ஏன் என்று கேட்டீர்கள். நீங்கள் இப்போதைய செயலாளர், போன வருஷம்தான் மேலகரத்துக்குக் குடிவந்தவர். கேட்பது நியாயம். சொல்கிறேன்.

நான் இதைத் தொடங்கிய காலத்தில் இந்த ஊரில் எந்த வீட்டுப் புறவாசலுக்குப் போனாலும் பழம் அழுகிக் கிடக்கும். சாரல் விழுகிற ஆனி ஆடியில்தான் பலாவும் பழுக்கும். தின்று தீராது. விற்கக் கௌரவம் இடம் கொடுக்காது. வெடித்து விழுந்து ஈ மொய்க்கும், மாட்டுக்குப் போடுவார்கள். தென்காசி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களுக்கோ கஞ்சியைத் தவிர ஒன்றும் கிடையாது. ஐந்தருவிப் பக்கம் கடைச் சார்ப்புக்குக் கீழே பசியோடு படுத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அப்போது பூதான இயக்கத்தார் நிலத்தையே தானமாகக் கேட்டு ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு நிலத்தைக் கொடுக்க மனசு வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பழத்தைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் சேர்ந்து, கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ப் பறிப்போம். வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு, பறித்தவர்களுக்கு ஒரு பங்கு, மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் அருவிக்கரைக்கும். கூலி கிடையாது. ஊர் சிரித்தது. இசக்கிப்பாண்டி மட்டும் சிரிக்காமல் தன் மாட்டுவண்டியைக் கொடுத்தான். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெப்பக்குளத்துப் படியில் என் தாத்தா பெயர் வெட்டியிருக்கிறது. மண்டபத் தூணில் அப்பா பெயர் இருக்கிறது. படியில் இருக்கும் பெயரை மிதித்துத்தான் இறங்குவார்கள், ஆனாலும் படித்துவிட்டு மிதிப்பார்கள். எனக்கு என்று எங்கும் ஒரு எழுத்து இல்லை. அதனால்தான் பழம் பறிக்க வந்தேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் இருந்தது, அவ்வளவுதான்.

பலாப்பழம் பறிக்கிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைத் தொப்பென்று போடக் கூடாது, சிதறிவிடும். மேலே இருப்பவர் காம்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றைக் கிளைக் கவட்டையில் போட்டு, அரிவாளால் காம்பை அறுப்பார். மறுமுனை கீழே நிற்பவர் கையில் இருக்கும். அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மற்ற ஊர்களில் மேலேயிருந்து ‘விடு, விடு’ என்பார்கள். நான் அதைக் கூடாது என்று வைத்தேன். மரத்தில் ஆள் இருக்கும்போது ‘விடு’, ‘விழு’ என்ற பேச்சே வரக் கூடாது. அதற்குப் பதிலாக ‘தா’ என்று சொல்ல வேண்டும். கயிறு தா. பெரியவர்கள் கயிறு பிடித்தால் ‘தாங்க’. கொடுக்கிறதுதானே நம் வேலை, வார்த்தையும் அதுவாகவே இருக்கட்டும் என்றேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

பீர் மைதீன் இரண்டாம் வருஷம் வந்து சேர்ந்தான். தென்காசியில் தறி போட்டிருந்தான். ஞாயிறு காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவான். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினால் அடுத்து நாம் பார்க்கும்போது உச்சாணியில் இருப்பான். நல்லவன். அதை நான் மறுக்கவே மாட்டேன். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த மரம் போன வருஷம் காய்க்கவில்லை, எல்லாம் விசாரிப்பான். மரத்தின் மேல் இருந்துகொண்டே சமையல்கட்டில் இருக்கும் பெண்களோடு பேசுவான். தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோகிற வழியிலேயே பாதியைக் கொடுத்துவிடுவான்.

ஆஸ்பத்திரிக்குப் பழக் கூடையோடு அவன்தான் போவான். அங்கே படுத்திருந்த யாரோ ஒரு கிழவர் ‘பீரு பழம் வந்துட்டா, லே?’ என்று கேட்டாராம். அதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் ஆஸ்பத்திரியில், பிறகு அருவிக்கரையில், கடைசியில் தென்காசிக் கடைத்தெருவில். நாங்கள் பகிர்ந்து கொடுக்கிற பழம் எதுவானாலும் பீரு பழம். கொய்யா, மா, பலா, எல்லாம் பீரு பழம். இதில் அவன் செய்தது ஒன்றும் இல்லை. ஒருதரம் என்னிடம் வந்து, “அப்பிடிச் சொல்லாதியன்னு சொல்லிப் பாத்துட்டேன் அண்ணாச்சி, கேக்க மாட்டேங்காவ” என்று சங்கடப்பட்டான். நான் சிரித்தேன். பெயரில் என்ன இருக்கிறது என்றேன்.

அந்த ஆனி மாதம் என் புறவாசல் பலாவை நானே கயிறு பிடித்து இறக்கினேன். என் அப்பா வைத்த மரம். மறுநாள் அடுத்த வீட்டுக்காரி வந்திருந்தாள். என் மனைவி சண்முகசுந்தரி ஒரு தட்டு நிறையச் சுளை எடுத்து வந்து, “பீரு பழம் வந்திருக்கு, எடுத்துக்கிடுங்க” என்றாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து படித்தேன். அவள் மேல் கோபம் வரவில்லை. வேண்டுமென்றே சொன்னவள் இல்லை, வாய்ப் பழக்கம். என் வீட்டில், என் அப்பா மரத்துப் பழத்துக்கு, என் பெண்டாட்டி வாயில் வந்த பெயர் அது. அன்றைக்கு வலித்தது. மறுநாள் அந்த வலியும் இல்லை. மரத்துப்போன காலை நாமே தொட்டுப் பார்ப்போமே, நம்முடையதுதான், ஆனால் தெரியாது. அப்படி இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை, இன்றுவரைக்கும்.

காப்பி வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆவுடைநாயகம் வீட்டுப் பலாவைப் பார்த்திருப்பீர்கள். புறவாசலை ஒட்டி வாய்க்கால் ஓடும். மரம் வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கீழே துவைக்கிற கல்லாகக் கிடக்கும். அந்த ஞாயிறு நல்ல சாரல். வாய்க்காலில் தண்ணீர் இரைச்சலோடு போனது. மரம் முழுக்கப் பாசி. போதும், மிச்சத்தை அணிலுக்கு விட்டுவிடலாம் என்று ஆவுடைநாயகம் சொல்லிவிட்டு உள்ளே போனார். இசக்கிப்பாண்டி பழத்தைச் சுமந்துகொண்டு தெருவில் நின்ற வண்டிக்குப் போனான். மற்றவர்களும் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனார்கள். மரத்தில் பீர் மைதீன், கீழே நான்.

மேல்கிளையில் ஒரு பழம் இருந்தது. நல்ல பழம். ஆஸ்பத்திரிக்கு அது ஒன்றே போதும் என்று நான்தான் சொன்னேன். அவன் அண்ணாந்து பார்த்தான். வழுக்குமே என்று யோசித்தான். நான் மறுபடி சொல்லவில்லை. அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவர் நிற்கிறாரே என்று அவனே ஒத்துக்கொண்டான். பழம் கட்டுகிற கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் இருந்த கவட்டையில் போட்டு, மறுமுனையை என்னிடம் கொடுத்தான். அப்படிக் கயிறு கட்டி ஏறுகிறவன் இல்லை அவன். அன்றைக்குத்தான் கேட்டான்.

நான் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். இறுக்கமாகத்தான் பிடித்தேன். கிளை மாறுகிற இடத்தில் அவனுக்கு ஒரு கால் எட்டவில்லை. உடம்பைக் கயிற்றில் சாய்த்தால்தான் எட்டும்.

“அண்ணாச்சி, ஒங்கள நம்பித்தான் காலை எடுக்கேன். தாங்குங்க” என்றான்.

நான் கயிற்றைத் தந்தேன்.

கொஞ்சம் அல்ல. கையிலிருந்த சுற்றையும் அவிழ்த்துத் தந்தேன். அவன் சத்தம் போடவில்லை. தண்ணீர் இரைச்சலில் விழுந்த சத்தமும் பெரிதாகக் கேட்கவில்லை. துவைக்கிற கல்லில் கிடந்தான். என் உள்ளங்கையில் கயிறு உரசின கோடு சிவந்திருந்தது. அதைப் பார்த்தபடி இருந்தேன். அப்புறம்தான் எல்லோரையும் கூப்பிட்டேன்.

என்ன நடந்தது என்று ஓடி வந்தவர்கள் கேட்டார்கள். போலீசும் கேட்டது. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். ‘தாங்க’ என்றுதான் என் காதுக்குக் கேட்டது, தந்தேன். நம் கூட்டத்து வழக்கம் அதுதானே. வழக்கத்தை எழுதிக்கொண்ட போலீஸ்காரர் தலையை ஆட்டினார். தாங்குங்க, தாங்க. தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்குத்தான் வித்தியாசம் தெரியும்? ஒரு எழுத்தில் ஒரு உயிர் போச்சே என்று ஊரே சொன்னது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள்.

நடுவில் ஒரு ‘கு’ இருந்தது, தம்பி. எனக்கு நன்றாகக் கேட்டது.

அவன் வழியிலேயே முடிந்துபோனான். வண்டியில் கொண்டுபோகும்போது கொஞ்சம் நினைவு இருந்ததாம். “அண்ணாச்சி மேல குத்தமில்ல, தண்ணிச் சத்தம்” என்று இசக்கிப்பாண்டியிடம் சொன்னானாம். அதை எல்லோரும் எனக்கு ஆறுதலாகச் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அதையும் அவன்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கொடுப்பதில் என்னை முந்திக்கொள்வது அவனுக்கு எப்போதும் வழக்கம்.

அன்றைக்கு இறக்கிய பழத்தை வீணாக்கவில்லை. எல்லோரும் திகைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் அறுத்துப் பங்கு வைத்தேன். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு அலிமா வீட்டுக்கு ஒரு தட்டில் சுளை கொடுத்தனுப்பினேன். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அந்தப் பெண் ஒரு கைப்பிடி சீனி போட்டு அனுப்பியது, அந்த நிலையிலும். அந்தச் சீனியைக் காப்பிக்குப் போட்டுக் குடித்தோம். இனிப்பாகத்தான் இருந்தது.

பிறகு வார்த்தையை மாற்றினேன். இப்போது நீங்கள் எல்லோரும் மரத்தடியில் ‘இறக்கு’ என்று சொல்கிறீர்களே, அது நான் வைத்தது. இன்னொருவருக்கு அப்படி ஒரு பிழை நேரக் கூடாது இல்லையா? அதற்குப் பிறகு ஒருவரும் விழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. ஆனால் இன்றைக்கும் அது பீரு பழம்தான். செத்தும் அவன் பெயரில்தான் போகிறது. அதை நான் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

காப்பி ஆறிப்போயிற்று, நீங்கள் குடிக்கவே இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றால் போங்கள். நான் தடுக்கப்போவதில்லை. எங்கே கூப்பிட்டாலும் இதையே சொல்வேன், ஒரு வார்த்தை மாறாது. சலவைச் சட்டை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் கல் விஷயம் வேறு. அதை அவசரத்தில் கெடுத்துவிடக் கூடாது. கொன்றவன் பெயரும் செத்தவன் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் படிக்கிறவர்களுக்குச் சங்கடம். ஆகவே ஒரு பெயர் போதும். மரம் ஏறுகிறவர்கள் வருவார்கள், போவார்கள். தொடங்கினவன் ஒருவன்தான். பீர் மைதீனுக்குத்தான் ஊர் வாயில் ஒரு பெயர் இருக்கிறதே, கல் எதற்கு?

கல்தச்சனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். என் பெயரில் வருவது பெரிய ‘று’. அவர்கள் சின்ன ‘ரு’ போட்டுவிடுவார்கள். ஒரு எழுத்துதானே என்று விட்டுவிடாதீர்கள்.